ஏதென்ஸிலிருந்து சூனியோ முனைக்குத் தனி வண்டியில் ஒரு நாள்

ஏதென்ஸுக்குத் தென்கிழக்கே கடலோரம் உள்ள சூனியோ முனையில், கிரேக்கர்களின் கடல் தெய்வமான பொசைடனுக்குக் கட்டிய பழங்காலக் கோயில் இருக்கும் வளாகம் சின்னது. ஆற அமரச் சுற்றினாலும் ஒன்றேகால் மணி நேரத்தில் முடிந்துவிடும். அதை மட்டும் பார்ப்பதற்குத் தனி வண்டி பேசுவது பண விரயம்; ஏதென்ஸின் பேதியோன் ஆரெயோஸ் பூங்கா அருகிலிருந்து கிளம்பும் கேடெல் என்ற வெளியூர்ப் பேருந்தே போதும், ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் கொண்டுபோய் விடும். தனி வண்டிக்குக் கொடுக்கும் காசு வழியில் உள்ள 70 கிலோமீட்டர் கடற்கரைக்காக. நினைத்த இடத்தில் நிறுத்தலாம், குளிக்கலாம், சாப்பிடலாம், திரும்பும்போது வேறு பாதையில் வரலாம். திட்டத்தை அப்படிப் போடுங்கள்.

முதலில் அஸ்தமன நேரத்தைப் பாருங்கள்

வளாகம் காலை 9:30-க்குத் திறந்து சூரியன் மறையும்போது மூடுகிறது. அதனால் மாலைப் பயணத்தை அஸ்தமனத்திலிருந்து பின்னோக்கி எண்ணித்தான் போட வேண்டும். ஜூன் கடைசியில் சூரியன் மறைய இரவு 8:50 ஆகும். செப்டம்பர் கடைசியில் சுமார் 7:15. டிசம்பர் நடுவில் 5:10-க்குள் முடிந்துவிடும். ஒரே பயணம்தான், ஆனால் ஜூனுக்கும் டிசம்பருக்கும் கிளம்பும் நேரம் ஏறக்குறைய நான்கு மணி நேரம் வேறுபடும்.

கணக்கு இப்படி. வாசலில் அஸ்தமனத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் நிற்க வேண்டும். கடற்கரைச் சாலையில் நிற்காமல் ஓட்டினால் ஒன்றரை மணி நேரம். வழியில் நிறுத்தங்களுக்கு ஒன்றரையிலிருந்து இரண்டு. ஆக ஜூனில் மாலை 4 மணிக்கு விடுதியை விட்டால் சரி. டிசம்பரில் நண்பகலுக்கே கிளம்ப வேண்டும். குளிர்காலத்தில் மதிய உணவை முடித்துவிட்டுக் கிளம்புகிறவர்கள் பூட்டிய கதவைத்தான் பார்க்கிறார்கள்.

பலர் அறியாதது இன்னொன்று: சூரியன் கடலைத் தொட்ட பிறகு வானம் சிவக்கும் அந்த இருபது நிமிடம் உள்ளே கிடைக்காது. காவலர்கள் விசில் ஊதி எல்லோரையும் கீழே அனுப்பத் தொடங்குவார்கள், கெஞ்சிப் பயனில்லை. அந்த வெளிச்சம் வேண்டுமென்றால் கடைசிக் கால் மணி நேரத்தில் நீங்களே இறங்கி, வாசலருகே உள்ள உணவகத்தின் திறந்த மாடத்திலோ, முனைக்கு மேற்கே கீழே இருக்கும் கடற்கரையிலோ இடம் பிடியுங்கள். இருட்டியதும் கோயிலுக்கு விளக்குப் போடுவார்கள். அது கீழிருந்துதான் அழகு.

கூட்டம் பிடிக்காதவர்களுக்குக் காலைதான். 8 மணிக்குக் கிளம்பி, கதவு திறக்கும்போது உள்ளே போனால், சுற்றுலாப் பேருந்துகள் வராத ஒரு மணி நேரம் கிடைக்கும். கோயிலின் முகப்பு கிழக்கு பார்த்தது, ஆகவே காலை வெயில் நேராகத் தூண்கள்மேல் விழும். ஜூலை, ஆகஸ்ட்டில் குழந்தைகளோ வயதானவர்களோ உடன் வந்தால் யோசிக்காமல் காலையையே தேர்ந்தெடுங்கள்.

ஜனவரி 1, மார்ச் 25, மே 1, ஈஸ்டர் ஞாயிறு, டிசம்பர் 25, 26 ஆகிய நாட்களில் விடுமுறை. கிரேக்கர்களின் ஈஸ்டர் ஆர்த்தடாக்ஸ் கணக்கில் வருவதால் பெரும்பாலான ஆண்டுகளில் நம் நாட்காட்டியில் உள்ள தேதியோடு ஒத்துப்போகாது. மார்ச் 6, ஏப்ரல் 18, மே 18, செப்டம்பரின் கடைசி வார இறுதி, அக்டோபர் 28, நவம்பர் முதல் மார்ச் வரை மாதத்தின் முதல் ஞாயிறு ஆகிய நாட்களில் நுழைவு இலவசம். அதற்கேற்ற கூட்டமும் இருக்கும். மற்ற நாட்களுக்கான கட்டணத்தைக் கிரேக்கக் கலாச்சார அமைச்சகத்தின் நுழைவுச்சீட்டுத் தளத்தில் பார்த்து அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். பழைய பயணக் குறிப்புகளில் உள்ள விலையை நம்பாதீர்கள்.

வண்டி பேசும்போது

ஓட்டுநரோடு வரும் கார் என்றால், முழுத் தொகையையும் முன்பே எழுத்தில் வாங்குங்கள். மீட்டர் ஓட்டினால் ஏதென்ஸ் நகர எல்லையைத் தாண்டியதும் இரண்டாம் கட்டண விகிதம் தொடங்கும், காத்திருக்கும் நேரமும் சேர்ந்துகொள்ளும். பேச வேண்டியவை: மொத்தம் எத்தனை மணி நேரம், கூடுதலாக ஆகும் ஒவ்வொரு மணிக்கும் எவ்வளவு, சுங்கக் கட்டணம் யார் பொறுப்பு, நுழைவுச்சீட்டு அதில் சேர்ந்ததா, போகிற பாதை எது. பாதையைச் சொல்லாவிட்டால் சில ஓட்டுநர்கள் நேரம் மிச்சம் என்று உள்நாட்டு நெடுஞ்சாலையிலேயே போய் வந்துவிடுவார்கள். நீங்கள் காசு கொடுத்த கடல் கண்ணில் படாது. "போகும்போது கடற்கரைச் சாலை, திரும்பும்போது லாவ்ரியோ வழி" என்று குறிப்பிட்டே கேளுங்கள். குழந்தை இருக்கை வேண்டுமென்றால் வயதையும் எடையையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

அடுத்தது முக்கியம். கிரேக்கத்தில் தொல்லியல் வளாகங்களுக்குள் விளக்கிச் சொல்ல அரசு உரிமம் பெற்ற வழிகாட்டிக்கு மட்டுமே அனுமதி. ஓட்டுநர் வண்டியில் எவ்வளவு கதை சொன்னாலும், வாசலில் நின்றுவிடுவார். உள்ளேயும் ஆள் வேண்டுமென்றால் வழிகாட்டிக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். சூனியோவுக்கு வழிகாட்டி அவசியமா என்றால், இல்லை. வரலாற்றைப் படித்துவிட்டுப் போனால் போதும். அந்தப் பணத்தை ஏதென்ஸ் நகரின் நடுவே குன்றின்மேல் உள்ள அக்ரோபோலிஸுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்களே ஓட்டுவதானால் இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். அது ஊரிலேயே ஆர்டிஓ அலுவலகத்தில் எடுக்க வேண்டியது, அங்கே போய்க் கிடைக்காது. முன்பணத்தைப் பிடித்துவைக்க ஓட்டுநர் பெயரிலேயே கிரெடிட் கார்டு கேட்பார்கள். எதுவும் சொல்லாவிட்டால் கியர் வண்டிதான் வரும். ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் முன்பதிவிலேயே குறிப்பிடுங்கள். அங்கே சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும். வளைவுகள் நிறைந்த அந்தச் சாலையில் முதல் முறையாக வலப்பக்கம் ஓட்டிப் பழக நினைப்பது நல்ல யோசனை அல்ல.

போகும் வழி

தெற்கே போகும்போது கடல் வலப்பக்கம் வரும். எனவே பார்க்க ஆசைப்படுகிறவர் வலப்பக்க இருக்கையில் உட்காரட்டும். கிளிஃபாடா வரை நகரமே தொடர்கிறது, டிராம் கூடவே ஓடும், நிறுத்த எதுவுமில்லை. வூலியக்மேனியில் சாலையை ஒட்டி, சுண்ணாம்புப் பாறைச் சுவருக்குக் கீழே ஓர் ஏரி இருக்கிறது. நிலத்தடி வெந்நீர் ஊற்றும் கடல்நீரும் கலப்பதால் ஆண்டு முழுவதும் 22 முதல் 29 டிகிரி வரை இருக்கும். ஜனவரியிலும் உள்ளூர் முதியவர்கள் கழுத்தளவு நீரில் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். உள்ளே போகத் தனிக் கட்டணம், குளித்து உடை மாற்ற ஒரு மணி நேரமாவது ஒதுக்க வேண்டும். மேலிருந்து பார்க்க மட்டும் பத்து நிமிடம் போதும்.

வார்கிஸாவைத் தாண்டியதும் சாலை பாறை விளிம்பில் வளைந்து வளைந்து போகத் தொடங்கும். வாந்தி வருகிறவர்கள் முன் இருக்கைக்கு மாறுவதும் மாத்திரை போடுவதும் அதற்கு முன்பே நடக்கட்டும். லகோனிசி, சரோனிடா, அனாவிசோஸ், பலயா ஃபோக்கியா, லெக்ரெனா என்று ஊர்கள் வரிசையாக வரும். சாப்பிட பலயா ஃபோக்கியாவோ லெக்ரெனாவோ நல்லது.

மீன் உணவகங்களில் ஒரு நடைமுறை உண்டு. முழு மீனுக்குப் பட்டியலில் போட்டிருக்கும் விலை ஒரு கிலோவுக்கு, தட்டுக்கு அல்ல. மீனைக் காட்டச் சொல்லி, எடை போட்டு, தொகையைக் கேட்ட பிறகே சமைக்கச் சொல்லுங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். உறைய வைத்தது என்றால் பட்டியலில் நட்சத்திரக் குறி இருக்கும். சைவர்களுக்கு ஃபாவா என்ற பருப்பு மசியல், தக்காளிச் சாற்றில் வேகவைத்த பெரிய வெள்ளை பீன்ஸ், எலுமிச்சை பிழிந்த கீரை, சாலட் எல்லாம் எங்கும் கிடைக்கும். ஃபாவாவில் பச்சை வெங்காயம் தூவியிருப்பார்கள், வேண்டாமென்றால் சொல்லிவிடுங்கள்.

குளிக்க மே கடைசியிலிருந்து அக்டோபர் வரை. கடலில் மணல் கரை தேடுகிறவர்களுக்கு லெக்ரெனா.

வளாகத்தில்

வண்டி நிறுத்துமிடம் வாசலருகிலேயே இருக்கிறது. கழிவறையும் உணவகமும் அங்கேதான்; மேலே ஒன்றுமில்லை, நிழலும் இல்லை. ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீராவது எடுத்துக்கொண்டு ஏறுங்கள். ஏற்றம் பத்து நிமிடத்துக்குள் முடியும், ஆனால் கரடுமுரடான பாதை, தேய்ந்த பளிங்குக் கற்கள் வழுக்கும். ரப்பர் அடி கொண்ட மூடிய காலணி போடுங்கள்.

இங்கே வெயிலைவிட அதிகம் தொந்தரவு தருவது காற்று. முனை கடல் மட்டத்திலிருந்து சுமார் 60 மீட்டர் உயரத்தில் மூன்று பக்கமும் திறந்து நிற்கிறது. ஜூலை, ஆகஸ்ட்டில் வடக்கிலிருந்து அடிக்கும் மெல்தேமி காற்று பிற்பகலில் உச்சத்துக்கு வரும். தொப்பியில் கயிறு இல்லாவிட்டால் கடலுக்குத்தான். துப்பட்டா, தளர்ந்த புடவை முந்தானை எல்லாவற்றையும் குத்திக்கொள்ளுங்கள். குழந்தைகளைப் பாறை விளிம்பின் பக்கம் கைவிட்டு நடக்கவிடக் கூடாது. ட்ரோன் பறக்கவிடத் தடை. கடும் வெப்ப அலையின்போது அக்ரோபோலிஸ் உள்ளிட்ட இடங்களை நண்பகலில் சில மணி நேரம் மூடிவிடுவது அண்மை ஆண்டுகளில் வழக்கமாகியிருக்கிறது. அந்த வாரம் எச்சரிக்கை இருந்தால் காலையிலேயே அறிவிப்பைப் பாருங்கள்.

கோயிலுக்குள் போக முடியாது, சுற்றிக் கயிறு கட்டியிருக்கிறது. கயிற்றுக்கு வெளியே நின்று கவனிக்க வேண்டியதைச் சொல்கிறோம். இப்போது நிற்பது கி.மு. 444 முதல் 440 வரையில், ஏதென்ஸின் அக்ரோபோலிஸில் பார்த்தனோன் கோயில் எழும்பிக்கொண்டிருந்த காலத்திலேயே கட்டியது. இதற்கு முன் இங்கே எழும்பிக்கொண்டிருந்த கோயிலைப் பாரசீகர்கள் கி.மு. 480-இல் அழித்தார்கள். அகலத்தில் 6, நீளத்தில் 13 என வெளிச் சுற்றில் டோரிக் என்ற கிரேக்கப் பாணியில் 34 தூண்கள் இருந்தன. தென் பக்கத்து வரிசைதான் இன்று அதிகம் மிச்சம். ஒவ்வொன்றும் சுமார் 6 மீட்டர் உயரம். வழக்கமான டோரிக் தூணில் 20 வரிப்பள்ளங்கள் இருக்கும். இங்கே எண்ணிப் பாருங்கள், 16-தான். உப்புக்காற்று அரிக்கும் விளிம்புகளைக் குறைக்கவே இப்படிச் செதுக்கினார்கள் என்பது பலர் தரும் விளக்கம். பளிங்கு அருகிலுள்ள அக்ரிலேஸா பள்ளத்தாக்கிலிருந்து வந்தது, அதில் இரும்புச் சத்து மிகக் குறைவு. பார்த்தனோனின் கல் தேன் நிறமாகப் பழுத்திருக்க, இது இவ்வளவு வெள்ளையாக இருப்பது அதனால்தான்.

ஆங்கிலக் கவி பைரன் 1810 வாக்கில் வந்தபோது செதுக்கியதாகச் சொல்லப்படும் பெயர் முகப்பை அடுத்த சதுரத் தூணில் இருக்கிறது. சுற்றிலும் இன்னும் பலர் கிறுக்கிய பெயர்கள். கயிற்றுக்கு அப்பால் இருப்பதால் வெறுங்கண்ணுக்குப் பிடிபடாது; கைப்பேசியில் பெரிதாக்கித் தேடுங்கள். புராணத்தில் வரும் ஏதென்ஸ் மன்னன் ஏகியஸ், மகன் இறந்துவிட்டான் என்று நினைத்துக் கடலில் குதித்தது இந்தப் பாறையிலிருந்துதான் என்று ஓட்டுநர்கள் எல்லோரும் சொல்வார்கள். கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் கிரேக்கத்தைச் சுற்றிய பாவ்சனியாஸ் எழுதியபடி அவன் விழுந்தது அக்ரோபோலிஸிலிருந்து. அதே பாவ்சனியாஸ் சூனியோ உச்சியில் இருப்பது அத்தீனா தேவியின் கோயில் என்றும் எழுதிவைத்தார். அது பொசைடனுடையது என்பது 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய அகழ்வில் கிடைத்த கல்வெட்டால் உறுதியானது.

அத்தீனாவுக்கும் கோயில் இருந்தது, வடகிழக்கே அரைக் கிலோமீட்டர் தள்ளித் தாழ்ந்த மேட்டில். தரைமட்டம்தான் மிச்சம், அதன் தூண்களை ரோமானியர் காலத்தில் ஏதென்ஸின் பழைய சந்தைவெளியான அகோராவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நேரமிருந்தால் மட்டும் போங்கள். அதைவிட, முனையின் வடக்குச் சரிவில் தெரியும் கோட்டை மதிலைப் பாருங்கள். ஸ்பார்ட்டாவோடு நடந்த பெலொப்பொனீசியப் போரின்போது, தானியக் கப்பல்களைக் காக்க ஏதென்ஸ் கி.மு. 413 வாக்கில் எழுப்பியது. இந்த முனையை யார் பிடிக்கிறார்களோ அவர்கள் கையில்தான் ஏதென்ஸின் சோறு.

திரும்பும்போது

கோடை ஞாயிறு மாலையில் வந்த வழியே திரும்பாதீர்கள். கடற்கரைக்குப் போன ஏதென்ஸ்காரர்கள் அத்தனை பேரும் அதே சாலையில்தான் இருப்பார்கள். லாவ்ரியோ, கெரத்தேயா, மார்க்கோபூலோ வழியாக உள்நாட்டுச் சாலையில் போய் அத்திகி ஓதோஸ் சுங்கச் சாலையைப் பிடியுங்கள். காலையில் போனவர்கள் லாவ்ரியோவில் இறங்கலாம். ஏதென்ஸின் கடற்படைக்குக் காசு தந்த வெள்ளிச் சுரங்கங்கள் இங்கேதான். அங்குள்ள சிறிய அருங்காட்சியகத்தில் பொசைடன் கோயிலின் சிற்பப் பட்டைகள் இருக்கின்றன. சூனியோவில் கிடைத்த, மூன்று மீட்டர் உயர இளைஞன் சிலையைத் தேடாதீர்கள், அது ஏதென்ஸ் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. லாவ்ரியோவுக்கு வடக்கே தோரிகோஸில், அரைவட்டமாக இல்லாமல் நீள்வட்டமாகக் கட்டிய பழைய நாடக அரங்கு ஒன்றும் உண்டு.

விமான நிலையம் மார்க்கோபூலோ பக்கத்தில்தான் என்பதால், இரவு விமானம் பிடிக்கும் நாளில் இந்தப் பயணத்தை வைத்துக்கொண்டால் ஏதென்ஸுக்குத் திரும்பும் செலவு மிச்சம். சூனியோவிலிருந்து முக்கால் மணி நேரம். ஓட்டுநர் உடனிருந்தால் பெட்டிகள் வண்டியில் இருக்கலாம். நீங்களே ஓட்டி வந்திருந்தால் வெளியே தெரியும்படி எதையும் விட்டுப் போகாதீர்கள்.

வண்டிக்குப் பதில் படகு அமர்த்துவதாக இருந்தால் ஏதென்ஸ் பக்கத்து அலிமோஸ் துறையிலிருந்து வருவதைவிட லாவ்ரியோ பக்கமிருந்து கிளம்புவது பயண நேரத்தைப் பாதியாகக் குறைக்கும். கோயிலுக்குக் கீழே உள்ள வளைகுடாவில் நங்கூரமிடுவார்கள். வடக்குக் காற்றுக்கு அது மறைவு, தெற்குக் காற்றுக்குத் திறப்பு. பேசும்போது இரண்டு கேள்வி: சிறு படகில் கரைக்குக் கொண்டுபோய் விடுவீர்களா, காற்று பலத்து நீங்களே ரத்து செய்தால் முழுப் பணம் திரும்புமா? இரண்டுக்கும் எழுத்தில் பதில் வராத படகை விட்டுவிடுங்கள்.