புழு வந்தது, தலை வந்ததா?

போன வாரம் எங்கள் லேபில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "மேடம், இன்ச் டேப் இருக்கா?" என்று கேட்டான். உள்ளே வெள்ளையாய், தட்டையாய், ரிப்பன் பக்கோடா மாவைத் தண்ணீரில் பிழிந்துவிட்டது மாதிரி சுருண்டு கிடந்தது நாடாப்புழு. இந்த வேலையில் புழுவைப் பார்த்து எனக்கு அருவருப்பு வருவதில்லை. அவன் கேள்விதான் வயிற்றைக் கலக்கியது. 22 வருஷத்துக்கு முன்னால், பெங்களூரில் இதே அல்சூரில், நானும் அதைத்தான் கேட்டேன்.

கையைக் கழுவு, கறியை நன்றாக வேகவை என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். நான் அதற்குள் போகவில்லை. நாடாப்புழு விஷயத்தில் எல்லாரும் செய்கிற தப்புகளை மட்டும் சொல்கிறேன்.

"பூச்சி மாத்திரை போட்டாச்சு"

எந்தப் பூச்சிக்கு? பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 தேதிகளில் பள்ளிக்கூடத்தில் தருகிற அல்பெண்டசோல் 400 மில்லிகிராம், மண் வழியாக வருகிற உருண்டைப்புழு, கொக்கிப்புழு, சாட்டைப்புழுவுக்கானது. அந்த ஒற்றை மாத்திரையை நம்பி நாடாப்புழுவை விட்டுவைக்க முடியாது. இதற்கு டாக்டர்கள் முதலில் எழுதுவது பிராசிகுவான்டெல். உடல் எடையில் கிலோவுக்கு 5 முதல் 10 மில்லிகிராம், ஒரே வேளை. இல்லாவிட்டால் நிக்லோசமைடு, பெரியவர்களுக்கு 2 கிராம், மென்று விழுங்க வேண்டும். அல்பெண்டசோலே கொடுத்தாலும் மூன்று நாள் கணக்கு. குழந்தைகளிடம் அதிகம் பார்க்கிற குட்டை நாடாப்புழுவுக்கோ கிலோவுக்கு 25 மில்லிகிராம். அது ஆடு மாடு எதுவும் நடுவில் இல்லாமல் ஆளிடமிருந்து ஆளுக்கே தொற்றும் என்பதால் வீட்டில் மற்றவர்களையும் பார்க்கச் சொல்வார்கள். இந்தக் கணக்கைப் பார்த்து நீங்களே வாங்கிப் போடாதீர்கள். ஏன் என்று கீழே வருகிறது.

இங்கே மெடிக்கல் ஷாப்பில் கன்னடத்தில் 'ஹுளு' என்று மட்டும் சொன்னால் எல்லாப் புழுவும் அதில் அடக்கம். 'லாடி ஹுளு' என்று சொல்லுங்கள். லாடி என்றால் பாவாடை நாடா. பேர் வைத்தவர்கள் இரண்டு மொழியிலும் ஒரே இடுப்பைப் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

நீளத்தை அளப்பது

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம். பேச்சிலர் பையன்களுக்கு மெஸ் நடத்திய ஒரு அக்கா பாட்டிலோடு வந்தார். அவருடைய பெரியம்மா சொன்னபடி பரங்கி விதையை அரைத்துச் சாப்பிட்டு, விளக்கெண்ணெய் குடித்திருக்கிறார். வயிறு பிடுங்கிக்கொண்டு போனதில் இது வந்துவிட்டது. நான் டிரேயில் நீட்டி, தையல்கார டேப் வைத்து அளந்தேன். மூன்று மீட்டருக்கு மேல்! லேபில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

"எல்லாம் வந்துடுச்சா பாப்பா?"

"வந்துடுச்சுக்கா. இவ்ளோ நீளம், இனிமே உள்ள என்ன இருக்கப்போகுது?"

ரிப்போர்ட்டில் 'டீனியா' என்று நாடாப்புழுவின் பொதுப் பெயரை மட்டும் எழுதிவிட்டு, புழுவைப் பினாயிலில் கொட்டினேன்.

மூன்று மாதத்தில் அக்கா திரும்பி வந்தார். உள்ளாடையில் மறுபடி துண்டு துண்டாக. அன்றைக்கு என் சீனியர் செய்ததைத்தான் நான் முதலில் செய்திருக்க வேண்டும். ஒரு முதிர்ந்த கணுவை, அதாவது புழு உடம்பின் ஒரு துண்டை, எடுத்து, இரண்டு ஸ்லைடுக்கு நடுவில் வைத்து மெதுவாக அமுக்கி, வெளிச்சத்தில் பிடித்தார். நடுவில் ஒரு தண்டு, இரு பக்கமும் இலை நரம்பு மாதிரி கிளைகள். அதுதான் அதன் கருப்பை. ஒரு பக்கக் கிளைகளை எண்ணினார். ஒன்பது.

கிளை 15-க்கு மேல் போனால் மாட்டுக்கறி வழியாக வந்த புழு. பத்துக்குக் கீழே என்றால் பன்றிக்கறிப் புழு. நடுவில் நின்றால் இன்னொரு கணுவை எடுத்து எண்ண வேண்டும். மைக்ராஸ்கோப்பில் இரண்டின் முட்டையும் அச்சு அசல் ஒன்றுபோலவே இருப்பதால் முட்டையை மட்டும் பார்த்து எதுவென்று சொல்ல முடியாது. சொல்லியே ஆக வேண்டிய காரணம், பன்றிப் புழுவின் முட்டை மனிதர் வயிற்றுக்குள் போனால் அதன் குஞ்சு மூளைவரை போய்க் கட்டியாக உட்காரும். அந்தப் புழுவை மூன்று மாதம் வயிற்றில் வைத்துக்கொண்டு அந்த அக்கா தினமும் முப்பது பேருக்குத் தயிர்ப் பச்சடி கலந்திருக்கிறார், என் வாய் வார்த்தையை நம்பி. அந்தப் பையன்களில் யாருக்காவது ஏதாவது ஆனதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

புழுவின் தலை குண்டூசித் தலை அளவுதான். குடல் சுவரைப் பிடித்துக்கொண்டிருப்பது அதுதான். புதுக் கணுக்கள் எல்லாம் அதன் கழுத்திலிருந்துதான் முளைக்கும். பேதிக்குக் கொடுத்தால் வால் பக்கம் மீட்டர் கணக்கில் அறுந்து வரும், தலை அங்கேயே இருக்கும். இரண்டு மூன்று மாதத்தில் பழையபடி வளர்ந்துவிடும்.

சரி, தலையைத் தேடலாமா? அந்தக் காலத்தில் மலத்தைத் துணியில் வடிகட்டித் தேடினார்கள். இப்போதைய மாத்திரை சாப்பிட்டால் புழு பாதி செரித்தே வெளியேறும், தலை கண்ணில் படாமலே போகலாம். "ஒண்ணுமே வரல, மருந்து வேலை செய்யல" என்று சண்டைக்கு வருகிறவர்களும் உண்டு. வந்ததையும் வராததையும் வைத்து முடிவு கட்டாதீர்கள். மருந்துக்கு ஒரு மாதம் கழித்து, பிறகு மூன்றாம் மாதம், மலப் பரிசோதனை. முட்டையும் கணுவும் இல்லையென்றால்தான் போய்விட்டது.

ஒரு நாள் மலம்

போதாது. மூன்று நாள்.

நாட்டு மருந்தைக் கும்பிடுவதும் திட்டுவதும்

இரண்டுமே சோம்பேறித்தனம். பரங்கி விதையில் புழுவை மயக்குகிற சத்து உண்மையிலேயே இருக்கிறது. சீனாவில் அதைப் பாக்குக் கஷாயத்தோடு சேர்த்து நாடாப்புழுவுக்கே கொடுத்திருக்கிறார்கள். வாய்விளங்கம், புரசு விதை, கபிலப்பொடி எல்லாம் நம் வைத்தியத்தில் காலங்காலமாகப் புழுவுக்குக் கொடுத்தவை. மாதுளை வேர்ப்பட்டையை இங்கிலீஷ் வைத்தியமே ஒரு காலத்தில் இதற்குப் பயன்படுத்தியது. ஆனால் அந்தப் பட்டை அளவு மீறினால் வாந்தி, தலைசுற்றல், கண் மங்கல். சித்த மருத்துவரிடம் போகிறீர்களா, போங்கள். அதே ஒரு மாத, மூன்று மாதப் பரிசோதனை அந்த மருந்துக்கும் உண்டு. வீடியோ பார்த்து, கர்ப்பிணிக்கும் கைக்குழந்தைக்கும் பேதிக்குக் கொடுக்கிறவர்களிடம் எனக்குப் பேச்சே இல்லை.

பூண்டு

சட்னிக்கு நல்லது.

வலிப்பைச் சொல்லாமல் மறைப்பது

எப்போதாவது வலிப்பு வந்திருக்கிறதா, விடாத தலைவலி, பார்வைக் கோளாறு, தோலுக்கடியில் சின்னக் கட்டிகள் இருக்கிறதா என்பதை மாத்திரைக்கு முன்னாலேயே டாக்டரிடம் சொல்லுங்கள். மூளையில் கட்டி இருப்பது தெரியாமல் பிராசிகுவான்டெல் போட்டால், அந்தக் கட்டி செத்து வீங்கி வலிப்பைக் கிளப்பிவிடலாம். அதற்கு ஸ்கேன், ஸ்டீராய்டு என்று வைத்தியமே வேறு. நிமான்ஸ் மாதிரி நரம்பியல் ஆஸ்பத்திரி பார்க்க வேண்டிய வேலை அது. பெண் பார்க்க வரும் நேரத்தில் வலிப்பை மறைப்பார்கள் என்று தெரியும். டாக்டரிடமுமா?

முட்டைகோஸ்மேல் பழி

முட்டைகோஸில் இருக்கிற புழுதான் மூளைக்குப் போகிறது என்று ஒரு பேச்சு. இன்னொரு பக்கம், "நாங்க சுத்த சைவம், எங்களுக்கு எப்படி வரும்?" பன்றிக்கறி சரியாக வேகாமல் சாப்பிட்டால் வருவது குடல் புழு. மூளைக்குப் போவது முட்டையிலிருந்து வரும் குஞ்சு; அந்த முட்டை மலம் பட்ட கையிலோ தண்ணீரிலோ கீரையிலோ வரும். 1990-களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் பன்றியைத் தொடாத ஆசார யூதக் குடும்பங்களிலேயே இதைக் கண்டுபிடித்தார்கள்; சமையல்கட்டில் வேலை செய்தவர்கள் வழியாக வந்திருந்தது. பெங்களூரைச் சுற்றிச் சாக்கடை கலந்த தண்ணீரில் விளைகிற கீரை நிறைய. முட்டைகோஸை ஒதுக்கிவிட்டு, கழுவாத கொத்தமல்லியைப் பேல்பூரிமேல் தூவிச் சாப்பிடுகிறோம்.

பாட்டில்

துண்டு ஏதாவது வந்தால் கையில் பிளாஸ்டிக் கவர் மாட்டி எடுத்து, கொஞ்சம் சலைனில் போட்டு இறுக மூடிக் கொண்டுவாருங்கள். பினாயில், டெட்டால் ஊற்ற வேண்டாம். சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டுக் கிளம்புங்கள். பாட்டிலைத் திருப்பித் தர மாட்டோம். கேட்ட ஆட்கள் உண்டு.