கேமரா மாட்டியாச்சு, கடிகாரத்தைப் பார்த்தீர்களா?

போன மாதம் வடசென்னையில் கொருக்குப்பேட்டைப் பக்கம் ஒரு தெருப் பையன்கள் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். வீட்டுக்கு ஐந்நூறு வசூலித்து நான்கு கேமரா மாட்டியிருக்கிறார்கள். "வந்து பாருங்கண்ணா, மூஞ்சி சும்மா பளிச்சுன்னு தெரியுது" என்று திரையைக் காட்டினார்கள். தெரியத்தான் செய்தது. ஆனால் மூலையில் ஓடிய நேரம் என் கைப்பேசியைவிட நாற்பது நிமிடம் முன்னால் இருந்தது. பதிவு எத்தனை நாள் நிற்கும் என்று கேட்டேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

2018-ல் தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவுக்குக் கேமரா மாட்டியபோது என்னிடம் கேட்டிருந்தாலும் அதே விழிதான். அன்றிலிருந்து தெருச் சங்கத்தில் இந்த வேலையைப் பார்க்கிறேன். புதிதாக இறங்கும் ஒவ்வொரு தெருவும் நாங்கள் விழுந்த பள்ளத்திலேயே விழுவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. ஹெல்மெட் போடுங்கள், கதவைப் பூட்டுங்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை. தெருப் பாதுகாப்பில் நாம் வழக்கமாகச் செய்யும் மற்ற தவறுகளைச் சொல்கிறேன்.

மாட்டியதோடு வேலை முடிந்தது என்று இருப்பது

ஏ.கே. விஸ்வநாதன் சென்னை காவல் ஆணையராக இருந்த காலம் அது. 'மூன்றாவது கண்' என்ற பெயரில் தெருத்தெருவாகக் கேமரா மாட்டச் சொன்னார்கள். நாங்களும் மாட்டினோம். கேமராப் பதிவைச் சேமிக்கும் டிவிஆர் பெட்டியை ஒரு வீட்டு மாடிப்படிக்குக் கீழே வைத்துப் பூட்டினோம். சாவி என்னிடம். அதற்குப் பிறகு நான் அந்தப் பெட்டியைத் திறக்கவே இல்லை.

சில மாதம் கழித்து ஒரு விடியற்காலையில், பூ வாங்கக் கிளம்பிய எங்கள் தெரு அக்கா ஒருவரை முனையில் ஒரு குட்டியானை (சின்ன சரக்கு வண்டி) இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிவு. ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் சேர்த்தோம். ரத்தம், ஆபரேஷன், சாப்பாடு என்று வீடே அங்கேதான் கிடந்தது. ஒன்பதாம் நாள் காவலர் வந்து பதிவைக் கேட்டார். பெட்டியைத் திறந்தேன். ஆறு நாளுக்கு முந்தையது எதுவும் இல்லை.

கணக்கு எளிது. இரண்டு மெகாபிக்சல் கேமரா நொடிக்கு 4 மெகாபிட் வீதம் பதிந்தால், ஒரு நாளைக்கு ஏறத்தாழ 43 ஜிபி. நான்கு கேமராவுக்கு 170 ஜிபி தாண்டும். ஒரு டிபி டிஸ்க் ஆறே நாளில் நிரம்பிவிடும். அதன் பிறகு பெட்டி யாரையும் கேட்காது, பழையதை அழித்து மேலே எழுதிக்கொண்டே போகும். வீடியோவை இன்னும் சுருக்கிப் பதியும் எச்.265 முறைக்கு மாற்றினால் நாள் ஏறத்தாழ இரட்டிப்பாகும். பெரிய டிஸ்க் போட்டால் இன்னும் நிற்கும். எங்களுக்கு மாட்டிக் கொடுத்தவர் இதைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

எதிர்க் கடையில் ஒரு கேமரா இருந்தது. அதில் பதிவும் இருந்தது. ஆனால் அந்தக் கடிகாரம் எந்த ஊர் நேரத்தில் ஓடியது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. மூன்று வெள்ளைக் குட்டியானைகள் கடந்து போயின. எது இடித்த வண்டி என்று எவராலும் சொல்ல முடியவில்லை.

இதில் என்ன போயிற்று என்று கேட்பவர்களுக்காக: இடித்துவிட்டு ஓடிய வண்டி எது என்று தெரியாவிட்டால், அன்றைய மோட்டார் வாகனச் சட்டப்படி பலத்த காயத்துக்குக் கிடைப்பது 12,500 ரூபாய். உயிரே போனாலும் 25,000. (2022 ஏப்ரலிலிருந்து இவை 50,000, 2 லட்சம்.) வண்டி எண் கிடைத்திருந்தால் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போய், போன வருமானம், மருத்துவச் செலவு, கால் ஊனம் எல்லாவற்றுக்கும் காப்பீட்டு நிறுவனத்திடம் கேட்டிருக்கலாம். பூக்கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தே பிழைத்தவர் அவர். இப்போது உட்கார்ந்துதான் கட்டுகிறார். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் என்னால் அவர் முகத்தைப் பார்த்துப் பேச முடிவதில்லை. ஒரு நாள், ஒரே ஒரு நாள் முன்னால் அந்தப் பெட்டியைத் திறந்து பதிவு எத்தனை நாள் நிற்கிறது என்று பார்த்திருந்தால், அவர் அடிபட்ட அன்றே நகல் எடுத்திருப்பேன்.

அதனால் இப்போது செய்வது இது. மாதத்தின் முதல் ஞாயிறு பெட்டியைத் திறந்து நேரம் சரியா, நான்கும் பதிகிறதா, பழைய பதிவு எந்தத் தேதியில் தொடங்குகிறது என்று பார்ப்பேன். கரண்ட் போய் வந்தால் நேரம் குழம்புகிறது என்றால், உள்ளே இருக்கும் காசு போன்ற பேட்டரி செத்திருக்கும். விலை கொஞ்சம்தான், மாற்றிவிடுங்கள். காசிமேடு, ராயபுரம் பக்கம் உப்புக்காற்றில் ஒயர் முனைகள் பச்சை பூத்துப்போகும். அதையும் பாருங்கள். கேமரா முன்னால் சிலந்தி வலை கட்டியிருந்தால் ராத்திரி முழுக்க வெள்ளைப் புகைதான் பதியும். ஒரு கேமராவையாவது தெரு முனையில் தாழ வையுங்கள். மாடி உயரத்திலிருந்து பார்த்தால் உச்சந்தலைதான் தெரியும்.

சம்பவம் நடந்த அன்றே நகல் எடுங்கள். கடிகாரம் தவறாக இருந்தால் உடனே திருத்த வேண்டாம். முதலில் உங்கள் கைப்பேசி நேரத்தையும் டிவிஆர் திரையையும் ஒன்றாக வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை நிமிடம் வித்தியாசம் என்பதற்கு அதுதான் சாட்சி. திரையைக் கைப்பேசியால் வீடியோ பிடித்து அனுப்புவது நகல் ஆகாது. பழைய சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியம் பிரிவு 63, மின்னணுப் பதிவோடு சான்றிதழ் கேட்கிறது. அதில் கோப்பின் ஹாஷ் எண்ணும் (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் குறியீடு) வர வேண்டும். அசல் கோப்பை அப்படியே பென் டிரைவில் போட்டு, பெற்றுக்கொண்டதற்கு எழுதி வாங்கிக்கொண்டு கொடுங்கள்.

டிரெய்லருக்கு இடப்பக்கம் புகுவது

எண்ணூர் விரைவுச் சாலை, மணலி சாலையில் தினமும் பார்க்கிறேன். நாற்பது அடி கண்டெய்னர் இடப்பக்கம் திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரம் போன தடத்தில் வராது. உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். ஓட்டுநர் உயரத்தில் உட்கார்ந்திருப்பதால் இடப்பக்கம் ஒட்டி நிற்கும் பைக் அவர் கண்ணில் படவே படாது. திரும்பத் தொடங்கும் முன் அவர் வலப்பக்கம் கொஞ்சம் விலகுவார். அந்த இடைவெளியை நமக்கு வழி விடுகிறார் என்று நினைத்துத்தான் பிள்ளைகள் புகுகிறார்கள். இண்டிகேட்டர் எரியாவிட்டாலும் பின்னாலேயே நில்லுங்கள்.

பிடித்தவனை அடிப்பது

அடிக்காதீர்கள். கண்ணெதிரே ஜாமீனில் விட முடியாத பெரிய குற்றம் செய்தவனைப் பொதுமக்கள் பிடிக்கலாம். ஆனால் ஆறு மணி நேரத்துக்குள் காவலரிடம் ஒப்படைக்க வேண்டும், சட்டம் அப்படித்தான். 2018 மே மாதம் பழவேற்காட்டில், பிள்ளை பிடிக்க வந்தவன் என்று வாட்ஸ்அப்பில் கிளம்பிய வதந்தியை நம்பி ஒருவரை அடித்தே கொன்றார்கள்.

சிறுவர் முகத்தை வாட்ஸ்அப் குழுவில் போடுவது

கூடவே கூடாது. திருடியவனாக இருந்தாலும் பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் அடையாளத்தை வெளியிடுவது குற்றம்.

எல்லையைக் கேட்டுத் திரும்பி வருவது

2022-ல் ஆவடி தனி காவல் ஆணையரகம் ஆனதிலிருந்து, வடக்கே எந்தத் தெரு யாருக்குச் சேரும் என்பதில் மக்களுக்குக் குழப்பம் இருக்கிறது. "இது எங்க லிமிட் இல்லம்மா" என்று காவல் நிலையத்தில் சொன்னால் திரும்பி நடக்காதீர்கள். எல்லை எதுவானாலும் முதல் தகவலைப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா பிரிவு 173. ஜீரோ எஃப்ஐஆர் என்று பெயரைச் சொல்லியே கேளுங்கள்.

அடிபட்டவரைத் தொட யோசிப்பது

"நமக்கெதுக்குப்பா கோர்ட்டு கேசு" என்ற பயம் இன்னும் போகவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 134ஏ உதவியவரைக் காக்கிறது. பெயரைச் சொல்லும்படி உங்களை யாரும் கட்டாயப்படுத்த முடியாது. 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே பார்த்துக்கொள்கிறது. 108-க்கு அழையுங்கள். அது வரும்வரை அவருடைய கைப்பேசியும் பையும் காணாமல் போகாமல் ஒருவர் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொருவர் தெருக் கேமராப் பெட்டியின் சாவி யாரிடம் இருக்கிறதோ அவருக்கு அழையுங்கள்.