ஆடி விடுமுறையில் ஊருக்குப் போகிறவர்களுக்கு: கிழக்குக் கரை வழியாக மலைக்கு ஏறுங்கள்

வெளிநாட்டில் இருக்கும் நாங்கள் எப்போது இலங்கைக்கு, ஊருக்குப் போவது என்பதைப் பிள்ளைகளின் பள்ளிக்கூடம்தான் தீர்மானிக்கிறது. கனடாவோ ஜெர்மனியோ லண்டனோ, ஜூலையில் வெளிக்கிட்டு ஓகஸ்ட் கடைசியில் திரும்புகிறவர்கள்தான் அதிகம். நல்லூர்த் திருவிழாவும் அந்த நேரத்தில் வந்து சேர்ந்துவிடும். யாழ்ப்பாணத்தில் மாமி வீடு, சித்தி வீடு, பெரியப்பா வீடு என்று விருந்து சாப்பிட்டு முடித்ததும், மிஞ்சிய நாலு நாளில் ஒரு வான் பிடித்து கண்டி, நுவரெலியா, காலி, கொழும்பு என்று ஓடுவது வழக்கம். அந்த நாலு நாளும் மழை. பிள்ளைகள் வான் கண்ணாடியில் வழிகிற தண்ணீரைப் பார்த்துவிட்டு விமானம் ஏறுவார்கள்.

பிழை இடத்தில் இல்லை, மாதத்தில் இருக்கிறது. மே முதல் செப்டெம்பர் வரை வீசும் சோளகம் என்ற தென்மேற்குக் காற்று கொழும்பு, காலி, இரத்தினபுரிப் பக்கமும் மலையின் மேற்குச் சரிவிலும் மழையைக் கொட்டிவிடும். மலையைத் தாண்டி ஊவாவுக்கும் மட்டக்களப்புக்கும் இறங்கும்போது அது வெறும் வறண்ட காற்று. அங்குள்ளவர்கள் கச்சான் என்பார்கள். மேற்குக் கடல் கொந்தளிக்கிற அதே ஓகஸ்டில் திருகோணமலைக்குப் பக்கத்து நிலாவெளியில் கடல் அடங்கிப்போய்க் கிடக்கும். ஆகவே ஆடி, ஆவணியில் போகிறவர்களுக்கு என் பரிந்துரை ஒரே வழிதான்: யாழ்ப்பாணம், திருகோணமலை, மட்டக்களப்பு, அங்கிருந்து செங்கலடி வீதியால் பதுளை, பண்டாரவளை, அப்புத்தளை. கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் போகிறவர்கள் இதைத் தலைகீழாக எடுத்துக்கொள்ள வேண்டும். அப்போது வாடைக் காலம். கிழக்கில் மழையும் வெள்ளமும், தெற்கிலும் மேற்கிலும் வெயில். சிவனொளிபாதமலை ஏறும் பருவமும் மார்கழிப் பௌர்ணமியில் தொடங்கி வைகாசிப் பௌர்ணமி வரைதான்.

வெளிக்கிட முதல் பார்க்க வேண்டிய கடதாசி வேலை கொஞ்சம் உண்டு. வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் போகிறவர்கள் முன்கூட்டியே இணையத்தில் பயண அனுமதி எடுத்து வைப்பது நல்லது. அரசின் இணையத்தளத்தில் மட்டும் எடுங்கள்; அதே போலத் தோற்றமளிக்கும் தரகர் தளங்கள் கூடுதல் காசு பிடுங்கும். இரட்டைக் குடியுரிமை உள்ளவர்கள் இலங்கைக் கடவுச்சீட்டையும் தேசிய அடையாள அட்டையையும் மறக்காமல் கொண்டு போகவேண்டும். சிகிரியா, தேசியப் பூங்காக்கள், தாவரவியல் பூங்காக்கள் எல்லாவற்றிலும் வெளிநாட்டவருக்கு ஒரு கட்டணம், உள்ளூராருக்கு வேறு கட்டணம். அடையாள அட்டை இல்லாவிட்டால் நீங்கள் மானிப்பாயில் பிறந்த கதை ரிக்கற் கவுண்டரில் எடுபடாது. வாக்குவாதப்பட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். அகதிப் பயண ஆவணம் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு சொல்: வழக்கறிஞரைக் கேட்காமல் ரிக்கற் போடவேண்டாம். அந்த ஆவணத்தில் பெரும்பாலும் சொந்த நாட்டுக்குப் போக இடமில்லை.

யாழ்ப்பாணத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. இரண்டே விஷயம். நல்லூர்த் திருவிழா 25 நாள். தீர்த்தம் ஆவணி அமாவாசையில். தேருக்கு முந்திய நாட்களில் நகரத்தில் அறை கிடைப்பது கஷ்டம், கோயில் வீதிகளில் வாகனமும் போகாது. அடுத்தது தீவுகள். நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகு குறிகட்டுவானில் ஏறவேண்டும். நயினாதீவு கிட்ட. நெடுந்தீவுக்கு ஒரு மணி நேரமாவது பிடிக்கும், சோளகத்தில் படகு நன்றாக ஆடும், வயோதிபர்களை ஏற்றும் முன் யோசியுங்கள். போகிறவர்கள் காலைப் படகில் போய், இறங்கியதுமே திரும்பும் படகின் நேரத்தை இறங்குதுறையில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பவளக்கல் அடுக்கிய வேலிகளும் திரிகிற குதிரைகளும் வேறெங்கும் காணக் கிடைக்காது. ஏ-9 வீதியில் முகமாலைப் பக்கம் இறங்கிப் படம் எடுக்க ஆசை வந்தால் வீதியோரத்திலேயே நில்லுங்கள். கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகையைப் பழைய காலத்துப் பலகை என்று யாரும் எண்ண வேண்டாம்.

திருகோணமலைக்கு வவுனியா, ஹொரவப்பொத்தானை வழியாகப் போவார்கள். காலையில் வெளிக்கிட்டால் பின்னேரத்துக்கு முன் கோணேசர் கோயில். கோயிலுக்குப் போகும் பாதை பிரெட்ரிக் கோட்டைக்கு உள்ளால் போகிறது. புள்ளிமான்கள் கோட்டைக்குள் மட்டுமல்ல, நகரத்து வீதியிலும் நடந்து திரியும், வாழைப்பழத் தோலைக் கையிலிருந்தே இழுக்கும். மேலே இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவுக்குப் பக்கத்தில் நின்று கீழே பார்த்தால் கடலின் நீலம் ஆழம் தெரிகிற நீலம். அடுத்த நாள் விடிய எழும்பிக் கன்னியா வெந்நீரூற்றுக்குப் போங்கள். ஏழு சின்னக் கிணறுகள், குனிந்து வாளியால் அள்ளலாம். கிணற்றுக்குக் கிணறு சூடு கொஞ்சம் வித்தியாசம். பிள்ளைகள் ஏழிலும் மொண்டு ஊற்றிப் பார்க்காமல் வரமாட்டார்கள். வெயில் ஏறினால் சனமும் ஏறிவிடும்.

நிலாவெளிக் கடலிலுள்ள புறாத்தீவுக்கும் காலைப் படகுதான் நல்லது. தேசியப் பூங்கா என்பதால் ரிக்கற் தனி, படகுக்காசு தனி. பவளப்பாறை கரைக்கு மிகக் கிட்ட இருக்கிறது. அதில் ஏறி நின்று படம் எடுக்கிறவர்களில் எங்கள் ஆட்களும் உண்டு, வெட்கக்கேடு. ஒரு மிதி போதும், முறிந்த பவளம் வளர வருஷக்கணக்காகும்.

நேரம் உள்ளவர்கள் இங்கிருந்து கந்தளாய் வழியாக மின்னேரியாவுக்கு ஒரு நாள் போய்வரலாம். மகாசேனன் கட்டிய குளம். ஓகஸ்ட், செப்டெம்பரில் நீர் வற்றிப் புல் முளைக்கிற கரைக்கு யானைகள் கூட்டம் கூட்டமாக வரும். எங்கள் விடுமுறைக்கு என்றே அமைந்தது போன்ற காட்சி. இருட்டுமுன் திரும்பிவிட வேண்டும். அந்த வீதியில் இரவில் யானை குறுக்கே நிற்கும், லைட் அடித்து ஹோர்ன் அடிப்பது கூடாத வேலை.

திருகோணமலையிலிருந்து மட்டக்களப்புக்கு மூதூர், வெருகல், வாகரை வழியாகப் போகும் ஏ-15 வீதிதான் இந்தப் பயணத்தில் எனக்குப் பிடித்த பகுதி. ஒரு காலத்தில் ஆற்றுக்கு ஆறு பாதை எனப்படும் மிதவையில் வாகனத்தை ஏற்றிக் கடக்க வேண்டியிருந்தது. 2009இல் 396 மீற்றர் நீளக் கிண்ணியாப் பாலம் திறந்தார்கள், மற்றப் பாலங்களும் ஒவ்வொன்றாக வந்தன. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு, நடுவே வயல். வெருகலில் மகாவலியின் கிளையாற்றங்கரையில் சித்திரவேலாயுத சுவாமி கோயில் இருக்கிறது, நில்லாமல் போகாதீர்கள். இறால் வாங்கிக் கொடுத்தால் கறி ஆக்கித்தரும் வீடுகள் வாகரைப் பக்கம் உண்டு. சாரதியிடம் முதல்நாளே சொல்லிவைத்தால் அவர் ஒழுங்கு செய்வார்.

பாசிக்குடாவில் இடுப்பளவு நீரில் வெகுதூரம் நடக்கலாம். நீந்தத் தெரியாத அம்மம்மாவும் இறங்கலாம். ஞாயிறும், போயா என்கிற பௌர்ணமி விடுமுறை நாளும் தவிர்க்கவும். மட்டக்களப்பு நகரத்தில் மாலையில் 1924ஆம் ஆண்டுக் கல்லடிப் பழைய பாலத்தில் நடந்துவிட்டு, மாமாங்கேஸ்வரரையும் கும்பிடுங்கள். ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு அகப்பட்டால் அதிர்ஷ்டம்.

செங்கலடியிலிருந்து பதுளைக்கு வீதி கறடியனாறு, மகாஓயா, பிபிலை, லுணுகலை வழியாக ஏறுகிறது. அரை நாள் ஒதுக்குங்கள். பிபிலைவரை வறண்ட காடு, பிறகு வளைவுக்கு வளைவு குளிர்மை. லுணுகலை தாண்டியதும் தேயிலை தொடங்கும். மலை வீதியில் இரவில் ஓடச் சொல்லிச் சாரதியை நெருக்காதீர்கள். நாள் முழுக்க ஓடியவருக்கு நித்திரை வரும், அவருக்கும் ஓர் அறை எடுத்துக் கொடுப்பது உங்கள் கடமை.

அப்புத்தளையில் இரண்டு இரவு தங்குவது எல்ல நகரத்து நெரிசலைவிட மேல். விடிய வெள்ளனத் தம்பேதன்னைத் தோட்டத்தின் மேலுள்ள லிப்டன் இருக்கைக்குப் போனால் தெற்குச் சமவெளி முழுதும் தெரியும். ஒன்பது மணி தாண்டினால் முகில் மூடிவிடும். தெமோதரையில் ரெயில் ஒரு வட்டம் சுற்றித் தான் நின்ற ஸ்டேசனுக்குக் கீழேயே போகும். எல்லயில் 1921ஆம் ஆண்டின் ஒன்பது வளைவுப் பாலம் இருக்கிறது. 2025 நவம்பர் கடைசியில் வந்த டிட்வா புயலில் மலையகத்தில் பெரும் மண்சரிவுகள், இந்த ரெயில் பாதையும் பல இடங்களில் சேதப்பட்டது. எங்கிருந்து எதுவரை ஓடுகிறது என்று பார்த்தபிறகே ஆசனம் பதியுங்கள். பதிவு 30 நாளுக்கு முன் திறக்கும், வேகமாக முடிந்துவிடும்.

தோட்டங்களில் நீங்கள் கேட்பது தமிழ். 1823 தொடக்கம் தமிழ்நாட்டிலிருந்து தோட்ட வேலைக்குக் கொண்டுவரப்பட்டவர்களின் பரம்பரை. 1948 குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. கொழுந்து நிறுக்கிற நேரத்தில் தராசுக்குப் பக்கத்தில் கொஞ்சம் நின்று பாருங்கள். சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று எத்தனை கிலோ கழிக்கிறார்கள் என்பதில்தான் கொழுந்து பறித்தவர்களின் கண் இருக்கும். கதைக்க விரும்பினால் "அக்கா" என்று கூப்பிட்டு, வேலை முடிந்தபிறகு கதையுங்கள். லயம் எனப்படும் தோட்டத்து வரிசை வீடுகளுக்குள் கமெராவோடு நுழைவதும் பிள்ளைகளுக்கு ரொஃபி எறிவதும் வேண்டாம். உங்கள் பிள்ளைகளுக்கு யாழ்ப்பாணத் தமிழ் மட்டும்தான் இலங்கைத் தமிழ் என்ற எண்ணம் இங்கேதான் மாறும்.

நுவரெலியா ஓகஸ்டில் ஈரமும் காற்றும். 1,868 மீற்றர் உயரம், சுவெற்றர் இல்லாமல் போகவேண்டாம். சீதை அம்மன் கோயில், கிரெகரி வாவி, ஹக்கலைப் பூங்கா மூன்றையும் ஒரு பகலில் பார்த்துவிடலாம். ஹோர்ட்டன் சமவெளி ஜனவரி முதல் மார்ச் வரைதான் நன்றாகத் தெரியும். வற்புறுத்திப் போனால் வாசலில் பொலித்தீன் பைகளை வாங்கி வைப்பார்கள், உலக முடிவு என்ற செங்குத்துப் பள்ளத்தின் விளிம்பில் வெள்ளைப் புகையைப் பார்த்துத் திரும்புவீர்கள்.

அவசரத்துக்கு அம்புலன்ஸ் இலக்கம் 1990, காசில்லை. பொலிஸ் 119. போயா நாளில் இறைச்சிக்கடையும் மதுக்கடையும் பூட்டு. சின்ன ஊர்களில் கார்ட் எடுபடாது, சில்லறை நோட்டு வைத்திருங்கள். ட்ரோன் அனுமதியில்லாமல் பறக்கவிடக் கூடாது, இராணுவ முகாம்களைப் படம் எடுக்கவும் கூடாது. திரும்பும் வழி கண்டியூடாக என்றால் பெரஹரா ஊர்வல நாட்களைப் பார்த்துக்கொள்ளுங்கள்; வீதிகளைப் பூட்டி வைப்பார்கள். மலையிலிருந்து இறங்கிய அன்றே விமானம் ஏறத் திட்டமிடவேண்டாம், நீர்கொழும்பில் ஓர் இரவு தங்கினால் கட்டுநாயக்கா விமான நிலையம் பக்கத்தில்தான்.