கன்சோலின் கடைசிக் கட்டத்தில் எழுதும்போது திரை மேலேறாதிருக்க

80 நெடுவரிசையும் 25 வரிசையும் மட்டுமே கொண்ட விண்டோஸ் கன்சோலில் அசெம்பிளி நிரலால் ஒரு சட்டகம் வரையும்போது, வலது கீழ் மூலையின் கடைசி எழுத்து விழுந்தவுடன் திரை முழுவதும் ஒரு வரி மேலேறி, சட்டகத்தின் மேல்விளிம்பு மறைந்துவிடுவதைப் பலரும் கண்டிருப்பீர்கள். வரி முடிந்ததும் கர்சரைத் தானாக அடுத்த வரிக்குத் தள்ளும் அமைப்பே இதற்குக் காரணம். கன்சோல் எப்படி எழுத வேண்டும் என்பதைக் குறிக்கும் எண்ணான வெளியீட்டு முறைமையில் (mode) அதற்குரிய பிட்டின் மதிப்பு 2.

கெட்எஸ்டிடிஹேண்டில் (GetStdHandle) என்ற விண்டோஸ் செயற்கூறுக்கு -11 கொடுத்து, திரையைக் குறிக்கும் அடையாள எண்ணான வெளியீட்டு ஹேண்டிலைப் பெற்று, கெட்கன்சோல்மோட் (GetConsoleMode) தரும் நடப்பு மதிப்பை ஒரு மாறியில் சேமித்த பின், அதன் நகலை -3 உடன் பிட்வாரியாக ஆண்ட் (AND) செய்து செட்கன்சோல்மோடுக்கு (SetConsoleMode) அனுப்பினால் அந்தப் பிட் மட்டும் அணையும். நேரடியாக 1 என்று எழுதிவிடும் குறுக்குவழியை நான் பரிந்துரைக்கமாட்டேன். எழுத்தின் நிறம் போன்றவற்றை மாற்றும் எஸ்கேப் குறியீடுகளைச் செயல்படுத்தும், 4 என்ற மதிப்புள்ள பிட்டும் அதில் சேர்ந்து அணைந்துவிடும். (64 பிட் நிரலாயின் ஒவ்வொரு அழைப்புக்கும் முன், அழைக்கப்படும் செயற்கூறின் பயன்பாட்டுக்காக ஸ்டாக் எனும் நினைவகப் பகுதியில் 32 பைட் ஒதுக்க மறவாதீர்கள்.)

இனி நீண்ட வரி மடங்காது. மிஞ்சும் எழுத்துகள் கடைசிக் கட்டத்திலேயே ஒன்றன்மேல் ஒன்றாக விழும். எனினும், கடைசி வரிசையில் புதுவரிக் குறியை அனுப்பினால் திரை அப்போதும் நகரும் என்பதால், அங்கே செட்கன்சோல்கர்சர்பொசிஷன் (SetConsoleCursorPosition) செயற்கூறைக் கொண்டே கர்சரை இடம் மாற்ற வேண்டும். நிரல் முடியும்முன் சேமித்த மதிப்பைத் திரும்ப அமைத்துவிடுங்கள்.