அம்பாசடர் காரின் கதவு, பானெட், டிக்கி இடைவெளிகளைச் சீராக்கும் முறை

பழைய காரைப் புதுப்பிக்க இறங்குபவர்கள் பெரும்பாலும் பெயின்ட்டின் பளபளப்பையே பெரிதாக நினைக்கிறார்கள். ஆனால் பத்தடி தள்ளி நின்று பார்ப்பவரின் கண்ணில் முதலில் படுவது, கதவுக்கும் மட்கார்டுக்கும் நடுவே ஓடும் இருண்ட கோடுதான். அந்தக் கோடு மேலே அகன்றும் கீழே ஒட்டிக்கொண்டும் இருந்தால், எத்தனை கோட் பெயின்ட் அடித்தாலும் வண்டி கோணலாகவே தெரியும். ஆகவே பள்ளங்களை நிரப்பும் பட்டி பூசுவதற்கு முன்பே, பாடி வெறும் தகடாக இருக்கும் நிலையிலேயே, இடைவெளிகளைச் சரிசெய்துவிட வேண்டும்.

இங்கே அம்பாசடரை எடுத்துக்கொள்கிறேன். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரை அடிப்படையாகக் கொண்டு, 1950களின் பிற்பகுதியிலிருந்து 2014 வரை மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் தயாரான வண்டி இது. அத்தனை ஆண்டுகளிலும் பாடியின் அடிப்படை வடிவம் பெரிதாக மாறாததால், வேறொரு ஆண்டின் கதவைக்கூட வாங்கிப் பொருத்த முடியும். ஆனால் அப்படி வரும் கதவு விளிம்போடு விளிம்பு கச்சிதமாக உட்காரும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

தொடங்கும் முன் பார்க்க வேண்டியவை

வண்டியைச் சமதரையில், நான்கு சக்கரங்களின் மேலேயே நிறுத்துங்கள். அம்பாசடருக்குத் தனிச் சேஸிஸ் (அடிச்சட்டம்) கிடையாது. தரைத்தகடும், கதவுக்கு அடியில் ஓடும் பெட்டிச் சட்டமும், கதவுகளுக்கு இடையே நிற்கும் தூண்களும் சேர்ந்துதான் பாரத்தைத் தாங்குகின்றன. நடுவில் ஜாக்கி கொடுத்துத் தூக்கிய நிலையில் அழகாகப் பொருந்திய கதவு, ஜாக்கியை இறக்கியதும் இடிக்கக்கூடும். இன்ஜினும் கதவுக் கண்ணாடிகளும் உள்ளே இருக்கும்போதே இறுதி அளவை எடுப்பது நல்லது, ஏனெனில் கண்ணாடியின் கனம் சேரும்போது கதவின் பின்முனை சற்றுத் தாழும்.

கதவுக்கு அடியிலுள்ள சட்டம் துருவேறி உளுத்துப் போயிருந்தால், வேறு எதையும் தொடாமல் முதலில் அதை மாற்றுங்கள். பழைய சட்டத்தை வெட்டும் முன், முன் தூணிலிருந்து நடுத் தூணுக்குக் கதவுத் திறப்பின் குறுக்கே ஓர் இரும்புக் குழாயை டாக் வெல்டிங் (தற்காலிகமாகப் புள்ளி புள்ளியாக வைக்கும் பற்று) வைத்துப் பிணைத்துவிட வேண்டும். இந்தக் குழாய் இல்லாமல் வெட்டினால் பாடி தொய்ந்துவிடும். தொய்ந்த பாடியில் புதுச் சட்டத்தை வெல்டு செய்தால் அந்தத் தொய்வு நிரந்தரமாகிவிடும்.

அடுத்து, பானெட்டைக் கழற்றிவிட்டு, முன்பகுதித் திறப்பின் மூலைவிட்டங்களை டேப்பால் அளந்து பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சில மில்லிமீட்டருக்கு மேல் போனால், வண்டி எப்போதோ முன்பக்கம் மோதியிருக்க வாய்ப்புண்டு. அதை இழுத்து நிமிர்த்துவது அனுபவமுள்ள டிங்கரின் (தகடு நிமிர்த்துபவரின்) வேலை. கீலை எவ்வளவு திருகினாலும் அந்தக் கோணல் போகாது.

கடைசியாகக் கதவைப் பாதி திறந்து, அதன் பின்முனையை இரு கைகளாலும் மெதுவாக மேலே தூக்குங்கள். தூண் அசையாமல் கதவு மட்டும் லொடலொடவென்று ஏறி இறங்கினால் கீலுக்கு நடுவே செல்லும் அச்சு ஊசி தேய்ந்திருக்கிறது என்று பொருள். புது ஊசி போடாமல் எடுக்கும் எந்த அளவும் நிலைக்காது.

பின்னாலிருந்து முன்னோக்கி

வரிசைதான் இந்த வேலையின் உயிர். பின் சக்கரத்தை ஒட்டிய பாடிப்பகுதியை நகர்த்த முடியாது. எனவே அதற்குப் பின் கதவைப் பொருத்தி, பின் கதவுக்கு முன் கதவையும், முன் கதவுக்கு மட்கார்டையும், இரு மட்கார்டுகளுக்கும் நடுவே பானெட்டையும் பொருத்த வேண்டும். பானெட்டிலிருந்து தொடங்குபவர்கள் கடைசியில் பின் கதவுக்கு இடமில்லாமல் எல்லாவற்றையும் மறுபடி கழற்ற நேரிடும்.

கதவோர ரப்பர் பட்டையான பீடிங்கையும் தூணில் பூட்டு மாட்டும் ஸ்டிரைக்கரையும் கழற்றிவிட்டு, கீல்களை மட்டும் நம்பிக் கதவைத் தொங்கவிடுங்கள். ஸ்டிரைக்கர் இருந்தால் அது கதவைத் தூக்கிப் பிடித்து உண்மையான நிலையை மறைத்துவிடும். விளிம்பு நெடுக மாஸ்கிங் டேப் ஒட்டி, ஒரு சாண் இடைவெளியில் அளந்து, அளவை அந்த டேப்பின் மேலேயே எழுதுங்கள். விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம், 4 மி.மீ., 5 மி.மீ. டிரில் பிட்டுகளின் வழவழப்பான அடித்தண்டே போதும். 4 தடையின்றி நுழைந்து 5 நுழைய மறுத்தால் இடைவெளி சரியாக இருக்கிறது. மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக இருப்பதுதான் முக்கியம். எல்லா இடத்திலும் ஐந்தரை இருந்தாலும் கண் ஏற்றுக்கொள்ளும், ஓரிடத்தில் 3, இன்னோரிடத்தில் 6 என்றால் ஏற்காது.

கீலை நகர்த்தும் முன் அதைச் சுற்றி மார்க்கரால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். எல்லா ஸ்க்ரூக்களையும் ஒரே நேரத்தில் தளர்த்தாதீர்கள். கதவின் நீளம் 90 செ.மீ., இரு கீல்களுக்கும் இடையிலான உயரம் 40 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம்; மேல் கீலைத் தொடாமல் கீழ்க் கீலை மட்டும் 1 மி.மீ. பின்னுக்குத் தள்ளினால், கதவின் பின்முனை ஏறத்தாழ 2¼ மி.மீ. உயர்கிறது. தொங்கிப்போன கதவைத் தூக்க இதுவே வழி. கீலில் கொஞ்சம்தான் நகர்த்தினோம் என்று தோன்றும், பூட்டுப் பக்கம் அது இரண்டு மடங்குக்கு மேல் பேசும்.

இடைவெளி சரியானபின், மட்டத்தைப் பாருங்கள். விரல்நுனியை முன்னாலிருந்து பின்னாக ஓட்டும்போது அடுத்த தகட்டின் விளிம்பு விரலைத் தடுக்கக் கூடாது. மயிரிழை உள்வாங்கியிருந்தால் காற்றிரைச்சலும் குறையும். கதவின் மேல்மூலை உள்ளேயும் கீழ்மூலை வெளியேயும் நின்றால் கதவு முறுக்கிக்கொண்டிருக்கிறது. மேல்மூலைக்கும் தூணுக்கும் நடுவே துணி சுற்றிய மரக்கட்டையை வைத்து, கீழ்மூலையை முழங்காலால் நிதானமாக அழுத்தி, ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பின்னும் மூடிப் பாருங்கள். பட்டறைகளில் கீல் பக்கம் கட்டை வைத்துக் கதவை இழுத்துச் சாத்தி வளைப்பதும் உண்டு. தூண் தகடு கிழியும் ஆபத்து இருப்பதால் புதியவர்கள் அதைச் செய்ய வேண்டாம் என்பேன்.

மட்கார்டின் போல்ட்டுகளைக் கையிறுக்கமாக மட்டும் போட்டு, கதவோரத்தைச் சரிசெய்தபின் மேலோரத்துக்குப் போங்கள். பானெட்டின் பின்பக்கத்தைக் கீலும், முன்பக்க உயரத்தை ரப்பர் புஷ்ஷும் பூட்டும் தீர்மானிக்கின்றன. டிக்கிக்கும் இதே முறைதான்.

நகர்த்தியும் தீராத இடங்களில்

இடைவெளி குறுகலாக இருந்தால் அரத்தால் சிறிது தேய்க்கலாம். ஆனால் கதவின் வெளித்தகடு உள்தகட்டின் மேல் மடிக்கப்பட்டிருக்கிறது. மடிப்பைத் தாண்டித் தேய்த்தால் இரண்டும் பிரிந்துவிடும். அகலமாக இருந்தால் விளிம்பில் மெல்லிய இரும்புக் கம்பியை வைத்து, இடம் விட்டு இடம் வெல்டு செய்து, ஆறவிட்டு, அரத்தால் வடிவம் கொடுங்கள். விளிம்பைப் பட்டியால் வளர்ப்பதை நான் அடியோடு எதிர்க்கிறேன்: கதவைச் சாத்தும் ஒவ்வொரு அதிர்விலும் அது விரிசல் விட்டு, பெயின்ட்டோடு பெயர்ந்து விழும்.

பிரைமரும் பெயின்ட்டும் இரு விளிம்புகளிலும் ஏறி இடைவெளியைச் சற்றுக் குறைக்கும் என்பதால், வெறும் தகட்டில் அரை மி.மீ. கூடுதலாக விட்டுவையுங்கள். புது ரப்பர் பீடிங்கையும் பெயின்ட்டுக்கு முன்பே ஒருமுறை மாட்டிப் பாருங்கள். இன்று கடைகளில் கிடைப்பதில் சில, தடித்தும் விறைத்தும் இருந்து கதவை வெளியே தள்ளுகின்றன.

எல்லாம் பொருந்தியதும், பெயின்ட்டுக்காகக் கழற்றும் முன், ஒவ்வொரு கீலின் வழியாகவும் தூணுக்குள் 3 மி.மீ. துளை ஒன்றைப் போட்டுவிடுங்கள். பெயின்ட் முடிந்து திரும்ப மாட்டும்போது அதே டிரில் பிட்டைத் துளைக்குள் செருகிவிட்டு ஸ்க்ரூக்களை இறுக்கினால், கதவு பழைய இடத்திலேயே உட்காரும்.