சிவப்பை விடுங்கள், இறக்கையைப் பாருங்கள்: டெல்லி மின்சிட்டுகளைப் பிரித்தறிய

குளிர் தொடங்கினால் போதும், வாட்ஸ்அப்பில் யாராவது ஒரு படம் அனுப்பிவிடுவார்கள். "வால்பாறையில பார்த்தோமே, அதே குருவி நம்ம ஆர்.கே.புரத்துலயும் இருக்கு!" அதே குருவி இல்லை. மின்சிட்டு என்பது ஆங்கிலத்தில் மினிவெட், மர உச்சியில் திரியும் ஒரு சின்னப் பறவை வகை. மேற்குத் தொடர்ச்சி மலையில் நாம் பார்த்துப் பழகியது ஆரஞ்சு மின்சிட்டு, அதற்கு டெல்லியில் வேலையே இல்லை. பழைய கையேடுகள் அதையும் இமயமலை அடிவாரத்தில் இருக்கும் செம்மின்சிட்டையும் ஒரே இனமாகப் போட்டிருக்கும், இப்போது இரண்டும் தனித்தனி இனங்கள், குழப்பத்தில் பாதி அங்கிருந்துதான் வருகிறது.

டெல்லிக்குள் சிவப்பாக ஒரு மின்சிட்டைப் பார்த்தால் முதலில் இரண்டு இனங்களை மட்டும் யோசியுங்கள். ஒன்று, வருஷம் முழுக்க இங்கேயே இருக்கும் சிறு மின்சிட்டு. சுமார் 16 செ.மீ., ஆணுக்குத் தலையும் முதுகும் சாம்பல் நிறம், நெஞ்சில் ஆரஞ்சு, அது வயிற்றுக்கு வரும்போது மஞ்சளாகிக் கரைந்துவிடும். ஊரில் பார்த்ததைவிட இந்தப் பக்கத்துப் பறவை இன்னும் வெளிறியிருக்கும், அதனால் 'இது வேற ஏதோ' என்று துள்ள வேண்டாம். இன்னொன்று, இமயமலையிலிருந்து குளிருக்கு இறங்கி வரும் நீள்வால் மின்சிட்டு. 20 செ.மீ. அளவு, தலையும் தொண்டையும் முதுகும் பளபளக்கும் கறுப்பு, அடிப்பாகம் முழுக்க ரத்தச் சிவப்பு. ஆணாக இருந்தால் முதுகைப் பார்த்தாலே தீர்ந்தது: சாம்பலா, கறுப்பா?

உத்தராகண்ட் பக்கம் நைனிடால், சாத்தால், கார்பெட் என்று வார இறுதியில் கிளம்பும்போதுதான் நிஜமான தலைவலி. அங்கே கறுப்பும் சிவப்புமாகவே மூன்று இனங்கள் மாட்டும்: நீள்வால், குறுஅலகு, செம்மின்சிட்டு. பெயரை நம்பி வாலையும் அலகையும் அளக்கப் பார்க்காதீர்கள், உச்சிக்கிளையில் ஆடுகிற பறவையிடம் அது நடக்காது. சிவப்பு எவ்வளவு அடர்த்தி என்பதும் வெயிலைப் பொறுத்து மாறும். மடக்கிய இறக்கையில் சிவப்பு எப்படி விழுந்திருக்கிறது, அதுதான் கையெழுத்து.

நீள்வாலுக்குச் சிவப்புத் திட்டிலிருந்து ஒரு மெல்லிய கோடு பின்னிறகுகளின் (இறக்கையில் உடலை ஒட்டியிருக்கும் இறகுகள்) ஓரமாகக் கீழே இறங்கும், மொத்தமாகப் பார்த்தால் 'ப' எழுத்தைக் கவிழ்த்துப் போட்ட மாதிரி இருக்கும். குறுஅலகுக்கு அந்த மெல்லிய கோடு கிடையாது, ஒரே ஒரு தீற்றல்தான். செம்மின்சிட்டுக்குத் திட்டுக்குப் பக்கத்தில், ஒட்டாமல், தனியாக ஒரு சிவப்புச் சொட்டு. குங்குமம் வைக்கும்போது விரல் தவறி இன்னொரு இடத்தில் பட்டது போல. அந்தச் சொட்டு தெரிந்துவிட்டால் வேறு எதையும் பார்க்கத் தேவையில்லை.

பெண்களுக்கு இதே கணக்கு, சிவப்புக்குப் பதில் மஞ்சள். கூடவே நெற்றியையும் பாருங்கள். நீள்வால் பெண்ணுக்கு நெற்றி பெரும்பாலும் சாம்பல், மஞ்சள் லேசாகத்தான் இருக்கும். மற்ற இரண்டுக்கும் நெற்றியில் நல்ல மஞ்சள். ஆணும் பெண்ணும் கலந்த கூட்டமாகவே பெரும்பாலும் திரிவதால், ஆண் இலைக்குப் பின்னால் மறைந்துகொண்டால் பெண்ணை வைத்தே முடித்துவிடலாம். நான் இதைக் கற்க மூன்று குளிர்காலம் பிடித்தது, ஆணை மட்டும் துரத்திக்கொண்டிருந்த மடத்தனம்.

கேமராவில் எடுப்பவர்களுக்கு ஒன்று. சிவப்பு சீக்கிரம் வெந்துவிடும், நெஞ்சு முழுக்க ஒரே பிசின் மாதிரி வரும், சொட்டும் கோடும் எல்லாம் அதில் போய்விடும். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப்புக்குக் கொஞ்சம் குறைவாக இறக்கிவையுங்கள். முன்னாலிருந்து எடுத்த படம் அழகாக இருக்கும், அடையாளத்துக்கு உதவாது. பக்கவாட்டில் திரும்பும்வரை காத்திருங்கள். டெல்லிக்குள்ளேயே பாறை மேட்டில் இருக்கும் ரிட்ஜ் காட்டில் நம் சீமைக்கருவேலத்தைத்தான் இங்கே விலாயத்தி கீக்கர் என்கிறார்கள், அதன் உச்சியில் பறவை இருந்தால் கழுத்து வலிக்கும், அப்புறம் சொல்லவில்லை என்று சொல்லக் கூடாது.

சரி, யமுனைக் கரை நாணலில் பத்தே செ.மீ.யில் ஒரு சிவப்புக் குருவி, உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி? அது மின்சிட்டே இல்லை, சிவப்புச் சில்லை, இங்கே லால் முனியா. புல்விதை தின்கிற கனத்த அலகு, அதுவும் சிவப்பு. இனப்பெருக்கக் காலம் முடிந்தால் ஆண் பழுப்பாகிவிடும், ஆனால் அலகும் பிட்டமும் சிவப்பாகவே இருக்கும். கூண்டுப் பறவையாக அகமதாபாத்திலிருந்து ஏற்றுமதியானதால் அந்த ஊர்ப் பெயரே திரிந்து ஆங்கிலத்தில் 'அவடவாட்' ஆனது. இதை யாராவது கூண்டில் வைத்து விற்றால் வாங்காதீர்கள், சட்டப்படி குற்றம்.

இறக்கை தெரியாத படத்துக்குப் பட்டியலில் வெறும் 'மின்சிட்டு' என்று மட்டும் போடுங்கள். என் நோட்டில் அப்படி ஏழு இருக்கின்றன, அதில் ஒன்று செம்மின்சிட்டுதான் என்று எனக்கு இன்னும் ஒரு சந்தேகம்.