பொஸ்பேற்று ஏறியது, சரி. வாங்கி என்ன செய்தது?

கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் உயர்தர உயிரியலை நல்ல பெறுபேற்றோடு முடித்துவிட்டுப் பல்கலைக்கழகம் வரும் பிள்ளைகள், கலச் சமிக்ஞைப் பாடம் தொடங்கியதும் ஒரே குழிக்குள் விழுகிறார்கள். ஓமோனோ மருந்தோ வந்து பிணைய, செய்தியைக் கலத்துக்குள் கடத்தும் புரதமான வாங்கியில் (receptor) பொஸ்பேற்று ஏறினால் என்ன நடக்கும் என்பதுதான் அந்தக் குழி. எங்கள் தொகுதி விழுந்த அதே குழிதான். பெயரைப் பிழையாக எழுதுவது, அம்புக்குறியை மாற்றிப் போடுவது போன்றவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. அவற்றை அவர்களே திருத்திக்கொள்வார்கள்.

பொஸ்பேற்று ஏறினால் வாங்கி இயங்கும் என்று எழுதுவது

"மிஸ், பொஸ்பேற்று ஏறினால் வேலை தொடங்கும்தானே?" ஒவ்வொரு தொகுதியிலும் யாராவது இதைக் கேட்பார்கள். கேட்பவரோடு எனக்குக் கோபமில்லை. கேட்காமல் அப்படியே எழுதிவிட்டுப் போகிறவர்களோடுதான் கோபம்.

கைனேஸ் என்ற நொதியம் ஏ.ரீ.பி.யின் கடைசிப் பொஸ்பேற்றை எடுத்து, புரதத்திலுள்ள செரீன், திரெயொனின், தைரோசின் ஆகிய அமினோ அமிலங்களில் ஒன்றின் ஐதரொட்சில் கூட்டத்தில் ஏற்றுகிறது. அந்த இடத்தில் மறையேற்றம் கூடுகிறது, புரதத்தின் வடிவமோ அதன் கூட்டாளியோ மாறலாம். வேதியியல் சொல்வது அவ்வளவுதான். இயக்கமா நிறுத்தமா என்பது அதில் இல்லை. இந்தத் துறைக்கு வழி திறந்த எட்மண்ட் பிஷர், எட்வின் கிரெப்ஸ் இருவரும் (1992 நோபல் பரிசு) முதலில் பார்த்தது தசையில் கிளைக்கோஜனை உடைக்கும் நொதியமான கிளைக்கோஜன் பொஸ்போரிலேசை. பொஸ்பேற்று ஏறியதும் அது விழித்துக்கொள்கிறது. பாடநூல்கள் அந்த உதாரணத்தோடு நின்றுவிடுவதால் வந்த வினை இது. அதே தசைக் கலத்தில் கிளைக்கோஜனைக் கட்டும் கிளைக்கோஜன் சிந்தேசில் பொஸ்பேற்று ஏறும்போது அது அடங்கிப்போகிறது என்பதை அடுத்த பக்கத்தில் யாரும் படிப்பதில்லை.

சில வருடங்களுக்கு முன் முல்லைத்தீவுப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி ஆய்வு முன்மொழிவு ஒன்றோடு வந்தாள். அறுவடைக் காலத் தூசியில் தகப்பனுக்குத் தொய்வு (ஆஸ்துமா) கூடும். அதனால் சுவாசக் குழாய்த் தசையிலுள்ள பீற்றா-2 அதிரினலின் வாங்கியைத் தெரிவுசெய்திருந்தாள். நோக்கம் நல்லது, எழுத்தும் நல்லது. ஆனால் முதற்பக்கத்திலேயே இப்படி ஒரு வசனம்: "வாங்கியின் பொஸ்போரிலேற்றத்தைக் கூட்டினால் குறைந்த மருந்திலேயே குழாய் விரியும்." முழு முன்மொழிவும் அந்த ஒற்றை வசனத்தின் மேல் நின்றது. அதை வாசித்த குழு காரணம் எதுவும் சொல்லாமல் நிராகரித்துவிட்டது. பல மாத வாசிப்பு வீணானது. விளக்கம் தராமல் திருப்பி அனுப்பியவர்கள் மீது எனக்கு இன்னும் எரிச்சல் உண்டு.

உண்மையில் நடப்பது நேரெதிர். மருந்து வாங்கியில் பிணைந்ததும் வாங்கியின் உட்புறத்தோடு சேரும் ஜி புரதம் இயங்குகிறது, கலத்துக்குள் செய்தி கடத்தும் சைக்கிளிக் ஏ.எம்.பி. கூடுகிறது, தசை தளர்கிறது. அதே நேரத்தில் ஜி.ஆர்.கே. எனப்படும் கைனேஸ்கள் வந்து, மருந்து பிணைந்திருக்கும் வாங்கியாகப் பார்த்து அதன் உட்புற வாலில் பொஸ்பேற்றை ஏற்றுகின்றன. அந்த வாலை அரெஸ்டின் என்ற புரதம் பற்றிக்கொள்கிறது. பிறகு ஜி புரதத்துக்கு அங்கே இடமில்லை. வாங்கி, கிளாத்திரின் என்ற புரதத்தாலான உறைக்குள் இழுக்கப்பட்டு மென்சவ்விலிருந்தே இறங்கிவிடுகிறது. உள்ளே பொஸ்பேற்று கழற்றப்பட்டால் மேற்பரப்புக்குத் திரும்பலாம், இல்லையேல் இலைசோசோமில் அழியலாம். பி.கே.ஏ. என்ற இன்னொரு கைனேஸ், மருந்தே பிணையாத வாங்கிகளையும் இப்படி மந்தமாக்கும். ஆக, அந்தப் பிள்ளை கூட்ட நினைத்தது மருந்துக்கு வாங்கி மரத்துப்போகும் வழியைத்தான். (அரெஸ்டின் தன் பங்குக்குச் சில சமிக்ஞைகளைத் தொடக்கவும் செய்யும். அதையும் சேர்த்துத்தான் இந்தப் பாடம் சுவையானது.)

நம்பாதவர்கள் கண்ணைப் பார்க்கட்டும். விழித்திரையின் ஒளி வாங்கியான ரொடொப்சினை, ஒளி பட்டபின் அடக்குவதும் இதே முறைதான்: ஒரு கைனேஸ், ஓர் அரெஸ்டின். இரண்டில் ஒன்றின் மரபணு பழுதானால் ஒகுச்சி நோய் வருகிறது. வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு வந்தவரின் கண் பழக மணிக்கணக்காகிறது. பொஸ்பேற்று இயக்கும் பொத்தான் என்றால், அது ஏறாதபோது வாங்கி அடங்கியல்லவா இருக்கவேண்டும்?

இரணைமடுக் குளத்தில் கதவு திறந்தது என்று யாராவது சொன்னால் நாம் உடனே கேட்பது, துருசா வான்கதவா என்றுதான். துருசு என்றால் வயலுக்குத் தண்ணீர், வான்கதவு என்றால் வெள்ளம், கண்டாவளைப் பக்கத்துச் சனம் சாமானைத் தூக்கி மேலே வைக்கவேண்டும். வாங்கிக்கும் அந்தக் கேள்வியைக் கேளுங்கள். மேற்றோல் வளர்ச்சிக் காரணியின் வாங்கி ஒன்றே போதும். இரண்டு வாங்கிகள் சோடி சேர்ந்து ஒன்றின் வாலில் மற்றது தைரோசின்களுக்குப் பொஸ்பேற்று ஏற்றினால், அவை, பொஸ்பேற்று ஏறிய தைரோசினைப் பற்றிக்கொள்ளும் எஸ்.எச்.2 பகுதியுள்ள புரதங்கள் வந்து இறங்கும் தளங்கள். அதே வாலில் 1045ஆம் இடத்துத் தைரோசினில் ஏறினால் சிபிஎல் என்ற நொதியம் வந்து, அழிக்கவேண்டியதைக் குறிக்கும் யுபிகுவிற்றினை ஒட்டி, வாங்கியை அழிவுக்கு அனுப்புகிறது. 654ஆம் இடத்துத் திரெயொனினில் பி.கே.சி. என்ற கைனேஸ் ஏற்றினால் வாங்கியின் கைனேஸ் வேலையே தணிகிறது. ஒரே வாங்கி, மூன்று இடம், மூன்று கதை. எந்த அமினோ அமிலம், எந்தக் கைனேஸ் என்று குறிப்பிடாத விடைக்கு நான் புள்ளி போடுவதில்லை.

எல்லா வாங்கியும் கைனேஸ் என்று நினைப்பது

இன்சுலின் வாங்கி கைனேஸ்தான். அதிரினலின் வாங்கி இல்லை. வளர்ச்சி ஓமோன் வாங்கிக்கும் சொந்தக் கைனேஸ் கிடையாது, ஜாக்-2 என்பதைக் கடன் வாங்கிக்கொள்கிறது. மூளையின் குளுற்றமேற்று வாங்கிகளில் ஒரு பகுதி அயன் வாயில்கள், அவற்றுக்குப் பொஸ்பேற்று ஏற்றுபவை வெளியாட்கள்.

இன்சுலினில் இன்னொன்றைக் கவனியுங்கள். வாங்கியின் தைரோசினில் ஏறும் பொஸ்பேற்று சமிக்ஞையைத் தொடக்குகிறது. அடுத்த படியிலுள்ள ஐ.ஆர்.எஸ். புரதத்தின் சில செரீன்களில் ஏறினாலோ அதே சமிக்ஞை தளர்கிறது. இரண்டாம் வகை நீரிழிவின் இன்சுலின் தடையில் இதற்கும் பங்குண்டு.

தைரோசினை மட்டும் தேடுவது

கலத்தில் ஏறும் பொஸ்பேற்றில் மிகப் பெரும்பங்கு செரீனில்தான்.

பொஸ்பற்றேசை மறப்பது

கொழும்புக்கோ பேராதனைக்கோ ஆய்வுகூட வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு இது. கலத்தை உடைத்த கணத்திலிருந்து, பொஸ்பேற்றைக் கழற்றும் நொதியங்களான பொஸ்பற்றேஸ்கள் கண்டதையெல்லாம் கழற்றத் தொடங்கும். உடைக்கும் கரைசலிலேயே அவற்றைத் தடுக்கும் ஓதோவனடேற்றும் சோடியம் புளோரைட்டும் இருக்கவேண்டும், எல்லாம் பனிக்கட்டி மேல் நடக்கவேண்டும். வனடேற்றைக் காரத்தன்மையில் கொதிக்கவைத்து நிறம் போக்காமல் இட்டுவிட்டு, "மிஸ், பட்டையே வரவில்லை" என்று செய்தி அனுப்பவேண்டாம். (பட்டை என்பது பொஸ்பேற்று ஏறிய புரதத்தைக் காட்டும் வெஸ்டர்ன் புளொட் கோடு.)

மொத்த வாங்கியின் பட்டையும் வேண்டும். பொஸ்பேற்று குறைந்ததா, வாங்கியே அழிந்துபோனதா என்பதை வேறெப்படிப் பிரித்தறிவீர்கள்?

பால்மாவால் மென்சவ்வை மூடுவது

இது கலத்தின் மென்சவ்வல்ல, வெஸ்டர்ன் புளொட்டில் புரதத்தை ஒட்டியெடுக்கும் மென்சவ்வு; அதன் வெற்றிடங்களை மூடப் பால்மா இடுவார்கள். ஆனால் பாலின் கேசீனே பொஸ்பேற்று ஏறிய ஒரு புரதம். அல்புமினைப் பாவியுங்கள்.

குளுற்றமேற்றைப் பொஸ்பேற்று என்று நம்புவது

செரீனை மாற்றி மறையேற்றமுள்ள குளுற்றமேற்றை வைத்தால் பொஸ்பேற்று ஏறியது போலாகும் என்பது சில இடங்களில் சரிவரும். தைரோசினில் சரிவராது. எஸ்.எச்.2 பகுதி தேடுவது தைரோசினின் வளையமும் பொஸ்பேற்றும் சேர்ந்த உருவத்தை, வெறும் மறையேற்றத்தை அல்ல. பொஸ்பேற்று ஏறமுடியாத அலனைன் வைத்த மாற்றுருவும், பொஸ்பற்றேஸ் இட்டுக் கழற்றிய மாதிரியும் பக்கத்தில் இல்லாத படத்தை நான் வாசிக்காமலேயே திருப்பி அனுப்பிவிடுவேன்.